தட்டோட்டு மாடியில் சோலார்: ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு

“தளத்துல ஓட்டை போடுவாங்களா?”

மாடியில் சோலார் போடலாமா என்று நான் கேட்டதும் அப்பா திருப்பிக் கேட்டது இதைத்தான். யூனிட், மானியம், பில் எதையும் கேட்கவில்லை. அப்பா கொத்தனார். நாற்பது வருஷம் பட்டுக்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு கட்டியவர். நாங்கள் இருக்கும் வீட்டை 1998-ல் தன் கையாலேயே கட்டினார். கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, கட்டையால் அடித்து இறுக்கி, அதற்கு மேல் தட்டோடு பதித்த மாடி. அடிக்கிற வேலை மட்டும் ஐந்து நாள் நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இருபத்தாறு வருஷத்தில் ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

ஆகவே பேனலையும் இன்வெர்ட்டரையும் பற்றி இங்கே கொஞ்சம்தான் இருக்கும். அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் விசாரித்து அலைந்த நாட்களில் யாரும் தெளிவாகச் சொல்லாத ஒன்று, பேனலைத் தாங்கும் கால் வீட்டுத் தளத்தில் எப்படி நிற்க வேண்டும் என்பது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வேலை செய்தது எங்கள் வட்டாரத்துச் சிறிய நிறுவனம் ஒன்று. அவர்கள் செய்த தவறுகளையும் சொல்லப் போகிறேன், அவற்றை அவர்கள் சரிசெய்தும் கொடுத்துவிட்டார்கள், அதனால் பெயரை விட்டுவிடுகிறேன்.

வீட்டில் ஐந்து பேர். இரண்டு ஏசி, ஃப்ரிட்ஜ், போர் மோட்டார். கோடையில் இரண்டு மாதத்துக்கு 880 யூனிட் வரை ஓடிவிடும். 2024 தொடக்கத்தில் அப்படி வந்த ஒரு பில் ரூ.5,300-ஐத் தாண்டியது. அந்தப் பிப்ரவரியில்தான் மத்திய அரசு வீட்டுக்கூரை சோலார் திட்டத்தை அறிவித்திருந்தது: முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு ரூ.30,000, மூன்றாவதுக்கு ரூ.18,000, ஆக 3 கிலோவாட் போட்டால் ரூ.78,000 மானியம். மார்ச்சில் பதிவு செய்தேன். ஈ.பி. இணைப்பு அப்பா பெயரில் இருந்ததால் விண்ணப்பம், வங்கிக் கணக்கு எல்லாம் அவர் பெயரிலேயே போயிற்று. இறந்துபோனவர் பெயரில் இணைப்பு இருந்தால் முதலில் பெயர் மாற்றிக்கொள்ளுங்கள், பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். முதல் ஆள் மாடிக்கு ஏறவே இல்லை. வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பச் சொல்லி, பத்து நிமிஷத்தில் விலையைச் சொன்னார். இரண்டாமவர் வந்தார், ஏறினார், “ஏழடி உசரத்துக்குத் தூக்கிக் கட்டிடலாம், கீழ துணி காயப் போடலாம், வத்தல் போடலாம்” என்றார். கேட்க நன்றாக இருந்தது. அப்பா மட்டும் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திசையில்தான் கஜா புயலில் பக்கத்துத் தோப்பு முழுவதும் சாய்ந்தது.

கஜாவைச் சொல்லாமல் எங்கள் ஊரில் மாடியைப் பற்றிப் பேச முடியாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்த புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் முப்பது நாற்பது வருஷத்துத் தென்னைகள் வரிசை வரிசையாக விழுந்தன. எங்கள் மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டி பாதி நிறைந்திருந்தும் கைப்பிடிச் சுவரைத் தாண்டி அடுத்த மனையில் போய்க் கிடந்தது. பிறகு மூன்று வாரம் கரண்ட் இல்லை. அந்தக் காற்றைக் கண்ணால் பார்த்தவர்கள் ஏழடி உயரத்தில் ஆறு பெரிய தகடுகளை நிறுத்தச் சம்மதிக்க மாட்டார்கள். உயரம் கூடக் கூடக் காற்று பிடிக்கும் இழுப்பு முழுவதும் காலடியில் வந்து நெம்பும்.

மூன்றாவது நிறுவனத்திலிருந்து வந்தவர் இருபத்தாறு இருபத்தேழு வயதுப் பொறியாளர். மாடியை நாடாவால் அளந்தார். தொட்டியின் உயரம், படிக்கட்டு அறையின் உயரம், கைப்பிடிச் சுவரின் உயரம் மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டார். திசைகாட்டி வைத்துத் தெற்கு பார்த்தார். ஒரு மணி நேரம் வெயிலில் நின்றார். அப்பாவுக்கு அவரைப் பிடித்துப்போனது அங்கேதான். ஆனால் அவர் கொண்டுவந்த திட்டத்தில் கோளாறு இருந்தது. ஒரு அடிக்கு ஒரு அடி கான்கிரீட் கட்டைகளைத் தயாராக வார்த்துக் கொண்டுவந்து தட்டோட்டின் மேலேயே வைத்து, நாலங்குல போல்ட் அடித்து முடுக்கிவிடுவது என்று சொன்னார். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார்.

அப்பா ஒன்றும் பேசாமல் கீழே போய், மழைநீர்க் குழாய் மாற்றியபோது எடுத்து வைத்திருந்த உடைந்த தட்டோட்டுத் துண்டைக் கொண்டுவந்தார். அதன் அடியில் ஜல்லிக் கலவை ஒட்டிக்கொண்டிருந்தது.

“தம்பி, ஓடும் அடிக் கலவையும் சேர்ந்து ஒரு அங்குலம். அதுக்குக் கீழ ஜல்லி, குழாய்கிட்ட ரெண்டு அங்குலம், அந்த மூலைல நாலரை. நீங்க அடிக்கிற நாலங்குல போல்ட் எங்க போய் நிக்கும்?”

“தளத்துல ஐயா.”

“குழாய்கிட்ட ஒரு அங்குலம் தளத்துக்குள்ள போனா உண்டு, மத்த எடத்துல தொடவே தொடாது. ஜல்லிலதான் நிக்கும். சுண்ணாம்பு ஜல்லி எடையத் தாங்கும். இழுப்பத் தாங்காது.”

அந்தப் பையன் வாதாடவில்லை. தட்டோட்டுத் துண்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நான் யோசிச்சு வரேன் ஐயா” என்று போனார். மூன்றாம் நாள் ஒரு தாளோடு வந்தார். நான் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது அந்தத் தாளுக்காகத்தான்.

தாளில் இருந்த கணக்கு இது. எங்களுக்கு 540 வாட் பேனல் ஆறு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், 28 கிலோ. ஆறும் சேர்ந்தால் பதினைந்தரைச் சதுர மீட்டர் பரப்பு. மணிக்கு 150 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால் ஒரு சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான அழுத்தம் வரும். அதே காற்று அடியில் புகுந்து தூக்கினால் மொத்தத்தில் ஆயிரத்து அறுநூறு கிலோவுக்கு மேல் இழுப்பு. சாய்கோணத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். சரி, கீழே பிடித்து வைக்க என்ன இருக்கிறது? பேனல்கள் 168 கிலோ, இரும்புச் சட்டம் 140 கிலோ சொச்சம், ஒரு கனஅடிக் கட்டை 68 கிலோ வீதம் எட்டுக் கால்களுக்கு 544 கிலோ. எல்லாம் கூட்டினாலும் எண்ணூற்று ஐம்பதைச் சுற்றித்தான் நிற்கிறது. பாதிதான்.

இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. “மாடி எடை தாங்குமா?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டு மாடிக்கு இந்த எடை பெரிதே இல்லை. காற்றில் மேலே போகாமல் பிடித்து வைப்பதுதான் வேலை. கட்டையைச் சும்மா வைத்தால் போதாது, கீழே இருக்கும் கான்கிரீட் தளத்தோடு அதைப் பிணைக்க வேண்டும். அப்படியானால் அப்பாவின் தட்டோட்டை எட்டு இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும்.

அப்பா அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். “ஓட்டை போடக்கூடாதுன்னு இல்லம்மா. போட்டா ஒழுங்காப் போடணும். எங்க போடணும்னு நான் குறிச்சுத் தரேன்” என்றார். மறுநாள் காலையில் சாக்பீஸோடு ஏறினார். கீழே சுவர் எங்கே ஓடுகிறது என்பது அவர் மனதில் இருந்தது. பின்வரிசைக் கால்கள் நான்கையும் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருக்கிற சுவருக்கு நேர் மேலே வரும்படி குறித்தார். முன்வரிசைக்குச் சுவர் கிடைக்கவில்லை, அது தளத்தில்தான் நிற்க வேண்டியதாயிற்று.

வேலை 2024 மே கடைசியில் தொடங்கியது. செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், தட்டோட்டு மாடி வைத்திருப்பவர்களுக்கு உதவும். ஒவ்வொரு இடத்திலும் பதினாலு அங்குலச் சதுரத்துக்கு தட்டோட்டை மெஷினால் அறுத்தார்கள். உளியால் அடித்துப் பெயர்த்தால் பக்கத்து ஓடும் அதிரும், அதற்கு அப்பா ஒப்பவில்லை. ஜல்லியைத் தோண்டி எடுத்துக் கான்கிரீட் தளம் தெரிந்ததும், கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, லேசாகக் கொத்திவிட்டார்கள். தளம் ஐந்தங்குலக் கனம், ஆகையால் துளை மூன்றங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று பொறியாளர் துளைக்கும் பிட்டில் டேப் சுற்றி அளவு வைத்துக் கொடுத்தார். துளைத்ததும் உள்ளே இருக்கும் தூளை ஊதுபம்பால் ஊதி, குச்சித் தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊதினார்கள். இந்தத் தூள் விஷயத்தில் அவர் ரொம்பக் கண்டிப்பாக இருந்தார். தூள் இருந்தால் உள்ளே விடும் ரசாயனப் பசை கான்கிரீட்டைப் பிடிக்காமல் தூளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு பசையை விட்டு, 12 மில்லிமீட்டர் திருகுக் கம்பியைச் சுழற்றி இறக்கி, மறுநாள்வரை யாரும் தொடவில்லை.

அதைச் சுற்றித்தான் கட்டை வார்த்தது. அப்பாவிடம் தொழில் கற்ற ஒரு கொத்தனார் வந்தார். சிமெண்ட் பால் ஊற்றி, சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று கலவையில் ஒரு கனஅடிக் கட்டைகள். மேல்மட்டம் எட்டும் ஒன்றாக இருக்க வேண்டும், மழைத் தண்ணீர் வடிய வைத்த மாடியின் வாட்டமோ ஒரு மூலைக்கு ஓடுகிறது. அப்பா ரசமட்டக் குழாயைப் பிடித்துக்கொண்டு எழுபத்து நாலு வயதில் வெயிலில் குனிந்து குனிந்து பார்த்தார். நிறுவனத்தின் ஆட்கள் இரண்டாம் நாளே சட்டம் ஏற்ற வந்துவிட்டார்கள். “ஏழு நாள் தண்ணி நிக்கணும்” என்று அப்பா திருப்பி அனுப்பினார். ஈரச் சாக்கு போர்த்தி ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் விட்டது என் மகன். கட்டையும் ஓடும் சேரும் இடத்தில் தண்ணீர் தங்காமல் இருக்கச் சுற்றிலும் சரிவாகக் கலவை வைத்து, மேலே நீர்காப்புப் பூச்சு இரண்டு கை. இந்தக் கட்டை வேலைக்கு எனக்குத் தனியாக ஆனது ரூ.9,000. மொத்தச் செலவில் மனம் நிறைந்து கொடுத்த பணம் அது.

சட்டம் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு, 80 மைக்ரான் பூச்சு. சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பெயிண்ட் அடித்த சாதா இரும்பும் சந்தையில் இருக்கிறது, விலையில் ஐந்தாறாயிரம் குறையும். அதிராம்பட்டினம் கடல் எங்களுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். உப்புக் காற்றில் சாதா இரும்பின் கதி எங்கள் பழைய கேட்டைப் பார்த்தாலே தெரியும். இன்னொன்று, மாடியில் வைத்து வெல்டிங் செய்ய விடாதீர்கள். பற்றவைக்கிற இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். எங்கள் சட்டம் முழுவதும் போல்ட் இணைப்புதான். நீளம் குறைக்க அறுத்த முனைகளில் மட்டும் துத்தநாகப் பூச்சு தெளித்தார்கள்.

ஒரே வரிசையில் ஆறு பேனல். முன்பக்கம் மூன்றடி உயரம், பின்பக்கம் நாலடிக்குக் கொஞ்சம் மேல். தெற்கு நோக்கிப் பத்து டிகிரிச் சாய்வு. பட்டுக்கோட்டை பத்தரை டிகிரி அட்சரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இந்தச் சாய்வு போதும். வட இந்தியப் படங்களைப் பார்த்துவிட்டு இன்னும் நிமிர்த்தி வைக்கச் சொல்லாதீர்கள். இங்கே மே, ஜூன், ஜூலையில் உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. அதிகம் நிமிர்த்தினால் அந்த மாதங்களில் நஷ்டம், காற்றும் கூடுதலாகப் பிடிக்கும். படுக்கையாகவே வைத்துவிட்டால் அழுக்கு கழுவிப் போகாமல் கீழ்விளிம்பில் தேங்கும். மூன்றடி உயரத்தில் இன்னொரு லாபம் உண்டு, அடியில் காற்றோட்டம் இருக்கிறது. பேனல் சூடேறினால் உற்பத்தி குறையும். 25 டிகிரிக்கு மேல் போகும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எனக்கு அதிக யூனிட் வந்த மாதம் மே இல்லை, மார்ச்.

பேனல் ஏற்றிய அன்று ஒரு சம்பவம். ஆட்களில் ஒரு பையன் ஆறாவது பேனலை மாட்ட எட்டாமல் ஐந்தாவதன் மேல் முழங்காலை ஊன்றினான். பொறியாளர் கீழிருந்து பார்த்துவிட்டு, “டேய், இறங்கு!” என்று கத்தினார். மேலே கண்ணாடி உடையாது, உள்ளே மின்சாரம் உண்டாக்கும் சோலார் செல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், ஒரு வருஷம் கழித்து அந்த இடம் சூடாகும் என்று எனக்கு விளக்கினார். அந்தப் பேனலை ஒதுக்கிவைத்துவிட்டு வண்டியிலிருந்து வேறு பேனல் எடுத்து மாட்டினார். நான் கேட்கவே இல்லை. மானியத்துக்கு வரிசை எண்ணைப் பதிவு செய்ய வேண்டியிருந்ததால், மாற்றிய பேனலின் எண்ணையும் என் கண் முன்னாலேயே திருத்தி எழுதினார். இந்த மானியத் திட்டத்தில் பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்லும் இந்தியாவிலேயே தயாரானதாக இருக்க வேண்டும். விலை குறைகிறது என்று வேறு பேனலை மாட்டிக்கொண்டால் மானியம் வராது.

இன்வெர்ட்டர், வயர், எர்த் குழி மூன்று, இடிதாங்கி எல்லாம் இரண்டு நாளில் முடிந்தன, குறை ஒன்றும் இல்லை. வெயில் படும் வயர் எல்லாம் குழாய்க்குள் போகிறது, எங்கும் தொங்கவில்லை. நாம் வாங்குவதையும் வெளியே அனுப்புவதையும் கணக்கெடுக்கும் இருவழி மீட்டர் ஜூலையில் வந்தது. மானியம் ஆகஸ்டில் அப்பா கணக்கில் ஏறியது. மொத்தம் ரூ.2,12,000, மானியம் போக ரூ.1,34,000, அதோடு கட்டைக்கான ரூ.9,000.

கரண்ட் போனால் இந்தச் சோலார் ஓடாது என்பதை அந்தப் பொறியாளர் முதல் நாளே சொன்னார். மின்கம்பியில் யாராவது வேலை செய்துகொண்டிருக்கும்போது நம் வீட்டிலிருந்து மின்சாரம் போய் அவர்கள் உயிருக்கு ஆபத்தாகிவிடக் கூடாது, அதனால் வெளியே கரண்ட் நின்றதும் இதுவும் தானாக நின்றுவிடும். கஜாவின் மூன்று வார இருட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் சோலாரையே யோசித்தேன், எனவே இது எனக்கு ஏமாற்றம். மற்ற இருவரும் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பேட்டரியோடு வேண்டுமென்றால் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பழைய யுபிஎஸ்ஸையே ஃபேனுக்கும் விளக்குக்கும் வைத்துக்கொண்டோம்.

இனி அவர்கள் தவறுகள்.

முதலாவது தண்ணீர். அப்பா குறித்த இடத்திலிருந்து முன்வரிசையின் இரண்டு கால்களை ஒரு அடி கிழக்கே தள்ளி வெட்டிவிட்டார்கள். அன்று அப்பாவை நான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். தொட்டியின் நிழல் படாமலிருக்கத்தான் தள்ளினார்கள், காரணம் சரிதான். ஆனால் அந்த இரண்டு கட்டையும் வாட்டத்துக்குக் குறுக்கே போய் உட்கார்ந்துவிட்டன. ஆகஸ்டில் ஓர் இரவு கனத்த மழை, காலையில் ஏறிப் பார்த்தால் கட்டைகளுக்கு மேல்பக்கம் இரண்டு விரல் தண்ணீர். அப்பா துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே இருந்தார், பேசவே இல்லை. கூப்பிட்டுச் சொல்லிப் பதினொரு நாள் கழித்துத்தான் வந்தார்கள். அந்தப் பதினொரு நாளும் மேகம் கூடும்போதெல்லாம் நான் மாடியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் கட்டைகளுக்கு நடுவில் ஆறு ஓடுகளைப் பெயர்த்து, வாட்டத்தைத் திருப்பி, மறுபடி பதித்துக் கொடுத்தார்கள். செலவு அவர்களுடையது. அதற்குப் பிறகு நிற்கவில்லை.

இரண்டாவது துரு. விலைப்பட்டியலில் துருப்பிடிக்காத எஸ்.எஸ். 304 போல்ட் என்று எழுதியிருந்தது. அக்டோபரில் பேனல் துடைக்க ஏறியபோது நுனியில் இருந்த கிளாம்புகளில் பழுப்பு நிறம் தெரிந்தது. மகனின் காந்தத்தை வைத்துப் பார்த்தேன், பன்னிரண்டு போல்ட் டக்கென்று ஒட்டிக்கொண்டன, மற்றவை ஒட்டவில்லை. அலுமினியக் கிளாம்பில் சாதா இரும்பு போல்ட் போட்டால் போல்ட் துருப்பிடிக்கும், அது தொடும் இடத்தில் அலுமினியமும் அரிக்கும், உப்புக் காற்றில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். பேனலைச் சட்டத்தோடு பிடித்திருப்பதே அந்தக் கிளாம்புதான். கால் எவ்வளவு உறுதியாக இருந்து என்ன, மேலே போல்ட் விட்டால் பேனல் தனியாகப் பறக்கும். எனக்குக் கோபம் வந்தது. பெட்டியில் இருப்பு தீர்ந்து ஆட்கள் வேறு போல்ட் போட்டுவிட்டார்கள் என்றார்கள். நாலு முறை போன் செய்தேன். பருவமழை வலுக்கும் முன்பே மாற்ற வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதால் தீபாவளி முடிந்த கையோடு பொறியாளரே வந்து பன்னிரண்டையும் மாற்றினார். வேலை நடக்கும் அன்றே ஒரு காந்தத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய அன்று அவர் செய்த ஒரு காரியம் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. முடுக்கி முடித்த ஒவ்வொரு நட்டிலும் சட்டத்திலும் சேர்ந்தாற்போல ஒரு சிவப்புப் பெயிண்ட் கோடு இழுத்தார். நட்டு நெகிழ்ந்தால் கோடு முறிந்து தெரியும். அப்பா மாதம் ஒருமுறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாக் கோட்டையும் பார்த்துவிட்டு வருகிறார். இதுவரை ஒன்றும் முறியவில்லை. ஆனாலும் எங்கள் கால்களுக்கு நிஜச் சோதனை இன்னும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எங்களுக்கு மழைதான், கஜா மாதிரிக் காற்று இல்லை.

முதல் பன்னிரண்டு மாதத்தில் 4,430 யூனிட் வந்தது. நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 15, கார்த்திகை மழையில் 2, 3 என்றுகூட இறங்கியிருக்கிறது. இப்போது பில் சில நூறு ரூபாய்க்குள் நிற்கிறது. நம் ஊர்க் கட்டண முறையில் சோலார் முதலில் வெட்டுவது உச்சியில் இருக்கும் விலையுயர்ந்த யூனிட்டை. 2024 ஜூலை விலையில் 601 முதல் 800 வரை யூனிட்டுக்கு ரூ.9.65, அதற்கு மேல் 1,000 வரை ரூ.10.70. எங்கள் 880-ல் அந்த மேல்பகுதி முழுக்கப் போய்விட்டது. அதே காரணத்தால், இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்டுக்குள் ஓட்டுகிற வீட்டுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த 2024 கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்ததும் சலுகை விலை, பில்லே ஆயிரத்துச் சொச்சம்தான் வந்தது. அதற்காக ஏறக்குறைய ஒன்றரை லட்சத்தை மாடியில் போட வேண்டியதில்லை. என் தங்கை கேட்டபோதும் இதையேதான் சொன்னேன்.

பராமரிப்பு பெரிதாக இல்லை. பத்து நாளைக்கு ஒருமுறை விடியற்காலையில், பேனல் சூடாவதற்கு முன், தண்ணீர் விட்டு மெத்தென்ற துடைப்பானால் இழுத்துவிடுகிறோம். மூன்றடி உயரம் என்பதால் தரையில் நின்றே எட்டுகிறது, ஏணி வேண்டியதில்லை. எங்கள் போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளைக் கறை விழுகிறது, அதனால் பிடித்து வைத்த மழைத் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறோம். ஐந்து வருஷப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறது, இதுவரை மூன்று முறை சொல்லாமலே வந்து பார்த்துப் போனார்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். கொத்தனாரின் பேச்சைக் கேட்டுத் தன் திட்டத்தை மாற்றிக்கொண்ட பொறியாளர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதால் நான்கு. ஐந்தாவதைப் போல்ட்டுக்காகப் பிடித்து வைக்கவில்லை. எட்டுக் காலும் சரியாக எங்கே நிற்கின்றன, துளை எவ்வளவு ஆழம், எந்தக் கால் சுவர் மேல், எது வெறும் தளத்தின் மேல் என்று அளவோடு ஒரு வரைபடம் கேட்டிருக்கிறேன். நாளை என் மகன் மாடி எடுக்கலாம், யாராவது ஓடு மாற்றலாம். அப்போது அப்பா சாக்பீஸோடு வந்து நிற்க மாட்டார். மூன்று முறை கேட்டாகிவிட்டது, “அனுப்புறோம் அக்கா” என்கிறார்கள். அடுத்த பராமரிப்பு வருகை மார்ச்சில். அந்தத் தாள் கைக்கு வந்ததும் இங்கே திருத்தி ஐந்தாக்கிவிடுகிறேன்.